தேன்கூட்டில் ஒரு புல்லுருவி

உழைப்புக்கும் ஒற்றுமைக்கும் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நாம் எல்லோரும் தேனீயைத்தான் சுட்டிக் காட்டுகிறோம். பள்ளிப் பிள்ளைகளின் பாடத்திலும், பெரியோர்களின் மேடைப் பேச்சிலும் தேனீக்குத் தனியிடம் உண்டு. பிறருக்காகவே உழைத்து, தனக்கென்று மக்கட்பேறும் இன்றி, கூட்டைக் காக்கும் வேளையில் உயிரையும் விட்டுவிடும் அந்தச் சிறு பூச்சியை நாம் போற்றுவது நியாயமே. ஆனால் அதே தேனீ இனத்தில், அயலார் கூட்டில் நுழைந்து, உழைக்காமல் உண்டு, அங்கேயே தன் முட்டைகளை இட்டு, முடிவில் அந்தக் குடும்பத்தையே அழித்துவிடும் ஒரு வகையும் இருக்கிறது. மாமரக் கிளையில் வேரூன்றி, மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காக்கையின் கூட்டில் முட்டையிடும் குயிலையும் அறிவீர்கள். ஆனால் குயில் வேறு, காக்கை வேறு. நான் இன்று சொல்லப்போவது தேனீயை அண்டித் தேனீயே பிழைக்கும் கதை. அது நிகழ்ந்த இடம் தென்னாப்பிரிக்கா. அதன் காரணத்தைத் தேடிச் சென்ற ஆராய்ச்சி, பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் ஜீன்கள் வரையில் போயிருக்கிறது.

கதைக்குள் புகுமுன், சாதாரணத் தேனீக் குடும்பம் ஒன்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். ஒரு கூட்டில் ஒரே ஒரு ராணி. பல்லாயிரக்கணக்கான தொழிலாளித் தேனீக்கள். பருவத்துக்கேற்பச் சில நூறு ஆண் தேனீக்கள். ராணி தன் இளமையில் ஓரிரு முறை வானில் பறந்து சென்று, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு கூடித் திரும்புகிறாள். அப்போது பெற்ற விந்தைத் தன் உடலிலுள்ள ஒரு சிறு பையில் ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறாள். தொழிலாளித் தேனீக்களும் பெண்களே. ஆனால் அவை ஆணோடு கூடுவதில்லை. புழுப் பருவத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் உணவு வேறு. அதனால் அவற்றின் சூலகம் சிறுத்துப் போகிறது. ராணியின் சூலகம் ஒவ்வொன்றிலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குழல்கள் உண்டு. தொழிலாளியிடம் விரல்விட்டு எண்ணத்தக்க சில குழல்களே இருக்கும்.

தேனீக்களில் ஆணும் பெண்ணும் பிறக்கும் விதம் விந்தையானது. இதை முதலில் உலகுக்கு உணர்த்தியவர் சைலீசியா நாட்டுப் பாதிரியாரான யோஹான் ஜெர்சோன். விந்தோடு சேர்ந்த முட்டை பெண்ணாகிறது. சேராத முட்டை ஆணாகிறது என்று அவர் 1845-ல் எழுதினார். எனவே ஆண் தேனீக்குத் தகப்பன் இல்லை. தாய்வழிப் பாட்டன் மட்டும் உண்டு. பெண் தேனீயின் ஒவ்வோர் உயிரணுவிலும் 32 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து 16, தந்தையிடமிருந்து 16. ஆண் தேனீயிடம் தாய் தந்த 16 மட்டுமே உண்டு. தொழிலாளித் தேனீ ஆணோடு கூடாதது ஆகையால், ஒருவேளை அது முட்டையிட்டாலும் அதிலிருந்து ஆண்தான் வெளிவரும். ராணியை இழந்து, புது ராணியை வளர்க்க இளம் புழுவும் இல்லாமற்போன கூட்டில் இவ்வாறு நடப்பதைத் தேனீ வளர்ப்போர் கண்டிருக்கிறார்கள். சில தொழிலாளிகள் முட்டையிடத் தொடங்கும்; கண்ணறைகளில் ஆண் புழுக்கள் பெருகும்; உழைக்க ஆளின்றிச் சில வாரங்களில் அந்தக் குடும்பம் முடிந்துபோகும்.

ராணி இருக்கும்போது தொழிலாளிகள் ஏன் முட்டையிடுவதில்லை? இதற்கு இரண்டு தடைகள் உண்டு. ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து எழும் ஒரு மணப்பொருள் கூடெங்கும் பரவி, 'ராணி இங்கே இருக்கிறாள்' என்று ஓயாமல் அறிவித்துக் கொண்டிருக்கிறது. அந்த மணம் உள்ளவரை தொழிலாளிகளின் சூலகம் வளர்வதில்லை. இது முதல் தடை. அதையும் மீறி ஒரு தொழிலாளி முட்டையிட்டால், சகோதரிகளே அந்த முட்டையைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. இது இரண்டாவது தடை. ஒருவகைக் காவல் என்றே இதைச் சொல்லலாம். தேன்கூட்டில் நாம் வியந்து போற்றும் ஒழுங்கு, இவ்விரு தடைகளின் மேல்தான் நிற்கிறது.

இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். அந்த நாட்டில் இரண்டு வகைத் தேனீக்கள் இயற்கையாக வாழ்கின்றன. வடக்கே உள்ள புல்வெளிகளிலும் மேட்டு நிலங்களிலும் வாழ்வது ஸ்குட்டெல்லாட்டா என்னும் வகை. வயிற்றில் மஞ்சள் பட்டைகள் உள்ள இத்தேனீ கடுஞ்சினம் உடையது. 1956-ல் பிரேசில் நாட்டுக்குக் கொண்டு போகப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கே கூட்டைவிட்டுத் தப்பி, அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பகுதியில் பரவிய தேனீ இதுவே. நாம் எளிமை கருதி இதை வடக்குத் தேனீ என்போம். தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சூழ்ந்த பகுதியில் வாழ்வது கேப் தேனீ. இது கருநிறம் மிகுந்தது, சாதுவானது. குளிர்காலத்தில் மழையும், கோடையில் கடுங்காற்றும், சின்னஞ்சிறு இலைகளையுடைய புதர்க்காடுகளும் கொண்ட அந்த நிலத்தில் இது நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. இரண்டு வகைகளும் சந்திக்கும் இடத்தில் கலப்பினத் தேனீக்கள் வாழும் ஒரு நீண்ட பட்டையும் உண்டு.

கேப் தேனீயின் தனிக்குணம் என்ன என்பதை முதலில் அச்சில் தெரிவித்தவர் ஜார்ஜ் வில்லியம் ஆனியன்ஸ் என்னும் தேனீ வளர்ப்பவர். 1912-ல் அவர் வெளியிட்ட செய்தி ஜெர்சோனின் விதிக்கு நேர்மாறாக இருந்தது. ராணியற்ற கேப் தேனீக் கூட்டில் தொழிலாளிகள் இட்ட முட்டைகளிலிருந்து ஆண்கள் வரவில்லை, பெண்கள் வந்தன! தகப்பன் இல்லாமலே தாய் மகளைப் பெற்றாள். அதுமட்டுமன்று, அந்த முட்டைகளில் ஒன்றைக்கொண்டு கூட்டினர் புதிய ராணியையே வளர்த்துக்கொள்ள முடிந்தது. ரூப்பர்ட் ஜாக் என்பவர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே இச்செய்தியை உறுதிப்படுத்தினார். உலகில் வேறெந்தத் தேனீ வகையிலும் இந்தக் குணம் இவ்வளவு இயல்பாகக் காணப்படவில்லை.

இந்தக் குணத்தினால் கேப் தேனீக்கு என்ன நன்மை? கேப் பகுதியின் காற்று பொல்லாதது. கன்னி ராணி ஆணைத் தேடி வானில் பறக்கும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற்போவது அங்கே மற்ற இடங்களைவிட அதிகமாயிருக்கலாம். அப்போது வேறு தேனீக் குடும்பமாயின் அழிவுதான் கதி. கேப் தேனீக் குடும்பத்துக்கோ இன்னொரு வாய்ப்பு உண்டு: ஒரு தொழிலாளி பெண் முட்டையை இடலாம், அதிலிருந்து ராணி வளரலாம், கூடு பிழைக்கலாம். ஆராய்ச்சியாளர் பலர் இவ்வாறே விளக்கம் கூறுகிறார்கள். எனவே இக்குணம் தோன்றியபோதே தீய குணமாகத் தோன்றியது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. தன் நாட்டில் அது ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் குணமாகவே இருந்து வந்திருக்கிறது.

1990-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. தேனீ வளர்ப்போர் கேப் தேனீப் பெட்டிகளை வண்டியேற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, வடக்குத் தேனீயின் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அந்த வடபகுதியில் குளிர்காலமாகிய ஜூன், ஜூலை மாதங்களில் ஒருவகைக் கற்றாழை பரந்த வெளியெங்கும் பூத்து நிற்கும். அந்தப் பூவை நாடித் தேனீ வளர்ப்போர் பலரும் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து நெருக்கமாக அடுக்கிவைப்பது வழக்கம். பெட்டிகள் நெருங்கி இருந்தால் தேனீக்கள் வழிதவறி அடுத்த பெட்டியில் புகுவது இயல்பு. அப்படி அயல்பெட்டிகளில் நுழைந்த கருநிறத் தேனீக்கள் அங்கே விருந்தினராக இருக்கவில்லை.

அயல்கூட்டில் நுழைந்த கேப் தொழிலாளி என்ன செய்கிறது என்பதைப் பல ஆராய்ச்சியாளர்கள் பொறுமையோடு கவனித்து எழுதியிருக்கிறார்கள். அது பூவைத் தேடிப் பெரும்பாலும் செல்வதில்லை. கூட்டினுள்ளேயே தங்கி உணவு பெறுகிறது. அதன் சூலகம் விரைவில் வளர்கிறது; மற்ற தேனீ வகைகளில் தொழிலாளி முட்டையிட இதைவிட அதிகக் காலம் ஆகும்போது, கேப் தொழிலாளி சில நாட்களிலேயே ஆயத்தமாகிவிடுகிறது. இதைவிட வியப்பு, அதன் தாடைச் சுரப்பியில் ராணியின் மணப்பொருளை ஒத்த பொருளே சுரக்கத் தொடங்குகிறது. கூட்டிலுள்ள மற்றத் தேனீக்கள் ஏமாந்து, அதை ராணியாகவே கருதிச் சூழ்ந்து நின்று உணவூட்டுகின்றன. இதனால் இத்தகைய தேனீக்களைப் போலி ராணிகள் என்று விஞ்ஞானிகள் அழைத்தனர். நான் சற்று முன் சொன்ன முதல் தடை இவ்வாறு தகர்ந்தது. இரண்டாவது தடையும் நிலைக்கவில்லை. அவை இட்ட முட்டைகளில் பல, வடக்குத் தேனீயின் காவலுக்குத் தப்பிப் பிழைத்தன.

முட்டையிலிருந்து வெளிவரும் புழுவும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. வடக்குத் தேனீயின் செவிலிகள் தம் இனப் புழுக்களுக்கு ஊட்டுவதைவிட அதிகமாகவும், அரசக் கூழை ஒத்த தரத்திலும் இப்புழுக்களுக்கு உணவு ஊட்டுகின்றன. அதனால் வளர்ந்து வெளிவரும் தேனீ, தொழிலாளிக்கும் ராணிக்கும் இடைப்பட்டதாக, முட்டையிடுவதற்கு இன்னும் பொருத்தமானதாக அமைகிறது. அப்படி வந்த மகள்களும் முட்டையிடுகின்றன. சாதாரணத் தொழிலாளி உழைத்து ஆறேழு வாரங்களில் மாயும்போது, போலி ராணிகள் மாதக்கணக்கில் வாழ்கின்றன. நாளடைவில் கூட்டின் உண்மையான ராணி மறைந்துபோகிறாள். பூவைத் தேடிச் செல்லும் வடக்குத் தேனீக்கள் வயதாகி இறக்கின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப ஆளில்லை. கூடு நிறைய முட்டையிடுவோர். தேன் கொண்டு வருவோரோ இல்லை. சில மாதங்களில் அந்தக் குடும்பம் அழிகிறது. எஞ்சிய கருநிறத் தேனீக்கள் வெளியேறி வேறு கூட்டைத் தேடுகின்றன.

இந்தக் கேட்டினால் தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் பல்லாயிரக்கணக்கான வளர்ப்புத் தேனீக் குடும்பங்கள் அழிந்தன. தேனீ வளர்ப்பவருக்கு ஒரு பெட்டி என்பது தேன் மட்டுமன்று. பழத்தோட்டங்களிலும் சூரியகாந்தி வயல்களிலும் மகரந்தச் சேர்க்கைக்காகப் பெட்டியை வைத்து அவர் கூலி பெறுகிறார். பெட்டி வெறுமையானால் தேனும் போயிற்று, கூலியும் போயிற்று. கேட்டைப் பரப்பியதிலும் மனிதனுக்கே பெரும் பங்கு இருந்தது. நலிந்த கூட்டை வலுப்படுத்த வேறு கூட்டிலிருந்து ஓர் அடையை எடுத்து வைப்பதும், இரண்டு நலிந்த கூடுகளை ஒன்றாக்குவதும் தேனீ வளர்ப்பில் வழக்கமான நல்ல முறைகள். அந்த நல்ல முறைகளே இங்கே நோயைக் கைமாற்றும் வழியாயின. மரப்பொந்துகளில் தனித்தனியே வாழும் காட்டுக் கூடுகளில் இக்கேடு அவ்வளவாகப் பரவவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரசாங்கம் ஓர் எல்லைக்கோட்டை வகுத்து, அதைத் தாண்டித் தேனீக்களைக் கொண்டு செல்லக்கூடாது என்று சட்டம் செய்தது. கேட்டுக்கு உள்ளான கூடுகளை வேறு வழியின்றி அழிக்க வேண்டியும் வந்தது.

இனி இந்தக் கதையின் மிக விந்தையான பகுதிக்கு வருகிறேன். வடக்கே வெவ்வேறு ஊர்களில் பிடிபட்ட புல்லுருவித் தேனீக்களின் ஜீன்களை ஆராய்ந்தபோது, அவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கக் கண்டார்கள். வடக்கே சென்ற பெட்டிகளில் எத்தனையோ ஆயிரம் கேப் தொழிலாளிகள் இருந்திருக்க வேண்டும். அவற்றில் முட்டையிட்டவையும் பலவாக இருந்திருக்கலாம். ஆனால் நிலைத்து நின்றது ஒரே ஒரு வம்சம். 1990-ஐ ஒட்டி வாழ்ந்த ஒரே ஒரு தொழிலாளித் தேனீ, தன்னைப்போலவே மகள்களைப் பெற்றது. அம்மகள்கள் தங்களைப்போலவே மகள்களைப் பெற்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒரு தேனீயின் பிரதிகளே கூடுதோறும் புகுந்து வந்திருக்கின்றன. அந்த முதல் தேனீ என்றோ மாண்டு மண்ணாகிவிட்டது. ஆனால் அதன் உடலை ஆக்கிய கட்டளைகள் மாளவில்லை.

தகப்பனின்றி மகள் பிறப்பது எவ்வாறு? இதை நுண்ணோக்கியின் வழியே தெளிவுபடுத்தி 1983-ல் எழுதியவர்கள், இந்திய விஞ்ஞானியான வர்மாவும் ஜெர்மனியில் பணிபுரிந்த ரூட்னரும் ஆவார்கள். அதை ஓர் உவமையால் விளக்குகிறேன். ஒரே நூலுக்கு இரண்டு ஏட்டுச்சுவடிகள் ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று தாய் வீட்டிலிருந்து வந்தது. மற்றொன்று தந்தை வீட்டிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே நூல்தான். ஆனால் அங்கங்கே பாடபேதம் உண்டு. ஒன்றில் ஓர் ஏடு செல்லரித்திருந்தாலும் மற்றொன்றைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். பெண் தேனீயின் உடலில் குரோமோசோம்கள் இவ்வாறு இரட்டைச் சுவடிகளாக இருக்கின்றன. முட்டை உருவாகும்போது முதலில் ஒவ்வொரு சுவடிக்கும் நகல் எடுக்கப்படுகிறது. நான்கு சுவடிகள் ஆகின்றன. பிறகு இருமுறை பிரிவு நிகழ்ந்து, நான்கும் தனித்தனியே வரிசையாக நிற்கின்றன. தாய்ச்சுவடியும் அதன் நகலும் ஒரு பக்கம். தந்தைச்சுவடியும் அதன் நகலும் மறுபக்கம். சாதாரணமாக இவற்றில் ஒன்று மட்டும் முட்டையின் கருவாகிறது. மற்ற மூன்றும் அழிகின்றன. கேப் தொழிலாளியிடமோ நடுவில் நிற்கும் இரண்டும் ஒன்று கூடிவிடுகின்றன. நடுவில் நிற்பவற்றில் ஒன்று தாய்ப்பக்கத்தது, ஒன்று தந்தைப்பக்கத்தது. விந்து வந்து செய்ய வேண்டிய வேலையை முட்டைக்குள்ளேயே அவை செய்துவிடுகின்றன. இரட்டைச் சுவடி திரும்பவும் இரட்டைச் சுவடியாகவே மகளுக்குப் போய்ச் சேர்கிறது.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. நகல் எடுக்கும் காலத்தில் தாய்ச்சுவடியும் தந்தைச்சுவடியும் அருகருகே கிடந்து, தங்களுக்குள் சில ஏடுகளை மாற்றிக்கொள்வது உயிர்களின் இயல்பு. ராணியிடம் இந்த ஏடுமாற்றம் மிகுதி. ஆணும் பெண்ணும் கூடிப் பிறக்கும் சந்ததியில் அது பலவிதமான பிள்ளைகளைத் தருகிறது. கன்னிப் பிறப்பிலோ அது கேடாக முடியலாம். ஏடு மாறிய பிறகு நடுவில் நிற்கும் இரண்டில் ஒரே பாடம் இரு பக்கத்திலும் வந்துவிடக்கூடும். செல்லரித்த ஏடே இரண்டு சுவடிகளிலும் வந்தால் பார்த்துப் படிக்க வேறு பிரதி இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை இவ்வாறு நிகழ்ந்தால் வம்சம் நலிந்து போக வேண்டும். அதிலும் ஒரு குறிப்பிட்ட ஜீனில் இது நிகழ்ந்தால் விளைவு உடனடியானது. தேனீ பெண்ணாவதற்கு, 2003-ல் அடையாளம் காணப்பட்ட ஒரு ஜீனின் இரண்டு பிரதிகளும் வேறுவேறாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டால், குரோமோசோம் 32 இருந்தும் அப்புழு ஆணாகிறது. அதைத் தொழிலாளிகள் தின்றுவிடுகின்றன.

அப்படியானால் இந்தப் புல்லுருவி வம்சம் முப்பது ஆண்டுகளாக நலியாமல் இருப்பது எப்படி? இக்கேள்வி ஆராய்ச்சியாளர்களை நெடுநாள் வருத்தியது. அண்மைக் காலத்தில் இதற்கு இரண்டு விடைகள் கிடைத்திருக்கின்றன. முதலாவது, கேப் தொழிலாளியின் முட்டையில் ஏடுமாற்றம் மிகமிக அரிதாகவே நிகழ்கிறது. ராணியையும் தொழிலாளியையும் ஒப்பிட்டுப் பார்த்து இதைக் கண்டறிந்தார்கள். ஒரே வகைத் தேனீயில், தாயாகிய ராணியிடம் ஒரு நடைமுறையும் மகளாகிய தொழிலாளியிடம் வேறொரு நடைமுறையும் இருப்பது வியக்கத்தக்கது. இரண்டாவது, ஒரே பாடம் இரு பக்கத்திலும் அமைந்துவிட்ட முட்டைகளும் புழுக்களும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எனவே வளர்ந்து நடமாடும் தேனீக்களைப் பார்க்கும்போது, வேறுபாடு குறையாமல் இருப்பதுபோல் தோன்றுகிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த வம்சத்தில் இத்தனை தலைமுறைக்குப் பின்னும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான வேறுபாடு எஞ்சியிருப்பதைக் காட்டியது. பிறவாமலே மாண்டவை அக்கணக்கில் வரவில்லை.

கன்னிப் பிறப்புக்குக் காரணமான ஜீன் எது என்னும் தேட்டமும் ஒரு நீண்ட கதை. கேப் தேனீயையும் சாதாரணத் தேனீயையும் கலப்புச் செய்து பார்த்த ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், இக்குணம் ஒரே ஒரு ஜீன் நிலையத்தைச் சார்ந்தது என்று 2005-ல் எழுதினார்கள். 2011-ல் பதின்மூன்றாம் குரோமோசோமிலுள்ள ஒரு ஜீனைச் சுட்டிக் காட்டினார்கள். ஆனால் கேப் நாட்டில் இயற்கையாக வாழும் தேனீக்களிடம் பார்த்தபோது அந்த முடிவு பொருந்தி வரவில்லை. 2016-ல் வால்பெர்க், பிர்க், ஆல்சாப், வெப்ஸ்டர் ஆகியோர் கேப் தேனீயின் ஜீன்தொகுதி முழுவதையும் மற்ற ஆப்பிரிக்கத் தேனீக்களுடையதோடு ஒப்பிட்டனர். அவர்கள் கண்ட வேறுபாடுகள் ஓரிடத்தில் இல்லை. பல இடங்களில் இருந்தன. அவற்றுள் ஹார்மோன்களின் போக்கோடு தொடர்புடையவையும், உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் நடந்துகொள்ளும் முறையோடு தொடர்புடையவையும் அடங்கும். பின்னர் 2019-லும் 2020-லும் வெளிவந்த ஆய்வுகள், கன்னிப் பிறப்பு என்னும் ஒரு குணத்துக்கு மட்டும் பதினோராம் குரோமோசோமிலுள்ள ஒரு ஜீனே காரணம் என்று காட்டின.

'ஒரு ஜீன்' என்றும் 'பல ஜீன்கள்' என்றும் மாறி மாறிச் சொன்னால் கேட்பவர்களுக்குக் குழப்பம் தோன்றலாம். குழப்பத்துக்கு இடமில்லை. தகப்பனின்றி மகளைப் பெறுவது ஒரு குணம். புல்லுருவியாக வாழ்வது வேறு குணம். முதலாவது கேப் நாட்டுத் தேனீக்கள் எல்லாவற்றிடமும் பரவலாக உண்டு. அவை பெரும்பாலும் தத்தம் கூட்டில் ராணிக்கு அடங்கி, பூத்தேடி, புழுவை வளர்த்து, மற்றத் தேனீக்களைப்போலவே வாழ்கின்றன. விரைவில் வளரும் சூலகம், ராணியை ஒத்த மணம், காவலுக்குத் தப்பும் முட்டை, உணவை மிகுதியாகப் பெறும் புழு, உழைப்பில் நாட்டமின்மை ஆகிய இவ்வளவும் ஒன்றுசேர்ந்தபோதுதான் புல்லுருவி உருவாகிறது. ஒரு ஜீன் கதவைத் திறந்துவிட்டது; உள்ளே நுழைந்து குடியேறப் பல குணங்கள் துணை நின்றன.

இங்கே உறவுக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1964-ல் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஒரு பிராணி தன் சொந்தப் பிள்ளையைப் பெறாமல் உறவினரின் பிள்ளையை வளர்ப்பதும் அதன் ஜீன்களுக்கு நன்மையாகலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். சாதாரணத் தேனீயில் தொழிலாளி இடும் முட்டை ஆணாகவே பிறக்கும். ராணி பல ஆண்களோடு கூடியவள் ஆதலால், கூட்டிலுள்ள தொழிலாளிகளில் பெரும்பாலானவை ஒரு தாய்க்கும் வெவ்வேறு தந்தைகளுக்கும் பிறந்த சகோதரிகள். அத்தகைய சகோதரியின் மகனைவிட ராணியின் மகனே, அதாவது தன் சகோதரனே, ஒரு தொழிலாளிக்கு நெருங்கிய உறவு. எனவே சகோதரியின் முட்டையைத் தின்றுவிடுவது அதற்கு நன்மை. கேப் தேனீயில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே தொழிலாளியின் மகள் ஏறத்தாழ அத்தொழிலாளியே. ஆகவே சகோதரியின் மகளும் சகோதரியும் ஒரே அளவு உறவாகின்றனர், தின்பதில் ஆதாயமில்லை. ராணிக்காக உழைப்பதைவிடத் தன்னையே படியெடுத்துக்கொள்வது தொழிலாளிக்குக் கணக்குப்படி லாபமாகிறது. எனவே, கேப் தேனீக்கள் எல்லாமே ஏன் இப்படிச் செய்வதில்லை என்று கேட்பதுதான் பொருத்தம்.

எனக்குத் தெரிந்தவரையில் இதற்கு விடை, அவை வாழும் நிலத்திலேயே இருக்கிறது. உழைக்காதவர்கள் மிகுந்த கூடு அழியும். அழிந்த கூட்டோடு அதிலிருந்த ஏமாற்றுக்காரரும் அழிவர். மேலும், கேப் ராணியும் அவள் மகள்களும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்து பழகியவர்கள். மகள்களின் ஆற்றலுக்கு ஈடாகத் தாயின் ஆற்றலும் வளர்ந்திருக்கிறது. வடக்குத் தேனீயின் ராணிக்கோ இத்தகைய பகைவரைச் சந்தித்த பழக்கமே இல்லை. கேப் நாட்டில் அடங்கியிருந்த குணம் வடக்கே அடங்கவில்லை. அந்தப் புல்லுருவி வம்சத்தைக் கேப் தேனீயின் சொந்த நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் காணவில்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். அடுத்தடுத்து அடுக்கிவைத்த பெட்டிகளும், பெட்டிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் இருந்ததனால்தான், ஒரு கூடு அழியும்முன் இன்னொரு கூடு அதற்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. பெட்டிகள் இல்லையேல் அந்த வம்சம் ஓரிரு கூடுகளோடு மறைந்திருக்கலாம்.

ஆகையால் இந்தக் கேட்டுக்குத் தேனீயைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் பொருளில்லை. ஏமாற்று, சோம்பல், திருட்டு என்றெல்லாம் நானும் இப்பேச்சில் சொல்லிவிடுகிற சொற்கள் மனிதருக்கு உரியவை. அந்தத் தொழிலாளித் தேனீ தன் உடலில் எழுதப்பட்டிருந்ததைச் செய்தது. எழுதப்பட்டிருந்ததைப் பேரிழப்பாக மாற்றியது, அதை அதன் நிலத்திலிருந்து பெயர்த்து, எதிர்த்து நிற்கத் தெரியாத ஓர் இனத்தின் நடுவே வைத்த செயல். அதைச் செய்தவர்களும் தீய எண்ணத்தோடு செய்தவர்களல்லர். பூ இருக்கும் இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனார்கள், அவ்வளவே. இரண்டும் தேனீதானே என்று நினைத்ததில் வியப்பில்லை. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு சிறிது கருநிறம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒரு நாட்டின் தேனீ வளர்ப்பையே உலுக்கிவிட்டது.

விஞ்ஞானிகள் இந்தத் தேனீயை இன்னும் விடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். ஆணும் பெண்ணும் கூடிப் பிறப்பதை உயிர்கள் ஏன் கைவிடுவதில்லை, கைவிட்டால் என்ன ஆகும், கூட்டு வாழ்வில் ஒருவன் தன்னலத்தை எது அடக்குகிறது, எது அவிழ்த்துவிடுகிறது என்னும் பெரிய கேள்விகளுக்கு இச்சிறு பூச்சியிடம் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தேனீ வளர்ப்பவரின் கவலையோ இன்னும் எளியது: காலையில் பெட்டியைத் திறக்கும்போது அடையின்மேல் கருநிறத் தேனீக்கள் ராணியின் தோரணையில் உலவுகின்றனவா, ஒரு கண்ணறையில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் கிடக்கின்றனவா என்று பார்ப்பது. கண்டுவிட்டால் அந்தப் பெட்டியை மற்றப் பெட்டிகளிலிருந்து உடனே விலக்கி, அழித்துவிட வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற நினைத்தால் பலவற்றை இழக்க நேரும். ஆராய்ச்சிச் சாலையில் ஜீன்கள் தெளிவாகிக்கொண்டு வரும் இக்காலத்திலும், அவருக்கு உள்ள மருந்து அதுவே.